லம்பேலா வீட்டு கேபிள் வயர்

டேல் லம்பேலா, பெரிய ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஆஷ்டபுலா ஊரில் முப்பத்தொரு வருடம் கேபிள் கம்பெனியில் வேலை பார்த்தவர். கம்பத்தில் ஏறுவது, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வயர் இழுப்பது, புயல் அடித்துப் போட்டால் அறுந்ததைச் சேர்ப்பது. எண்பதுகளில் கேபிள் புதிதாக வந்தபோது, இணைப்பு வாங்குகிறவர்களின் கூரையில் இருக்கும் பழைய ஆன்டெனாவை இலவசமாகக் கழற்றித் தருவதாகக் கம்பெனி விளம்பரம் செய்தது. கழற்றியவர் டேல். துறைமுகத்திலிருந்து ரயில் பாதை வரைக்கும் இருக்கிற கூரைகளுக்கெல்லாம் மொட்டை போட்டவர் என்று அவருடைய மனைவி கார்லீன் சொல்வாள்.

கார்லீனும் நானும் தபால் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் தெருவாரியாகக் கடிதம் பிரித்தவர்கள். இப்போது எதிரெதிர் வீடு. அதனால் இந்தக் கதையில் பாதியை நேரில் பார்த்தேன், மீதியை அவள் சொன்னாள்.

டேல் ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் கேக் வெட்டி, ஆயுள் முழுக்கக் கேபிள் இலவசம் என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதன் பிறகு கம்பெனி இரண்டு முறை கை மாறியது. போன மார்ச்சில், தெரு ஓரத்தில் இன்னும் பனி கரையாமல் கிடந்தபோது, புது முதலாளிகளிடமிருந்து கடிதம் வந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கான சலுகை முடிந்துவிட்டதாம். ஏப்ரலில் நூற்று எண்பத்தேழு டாலருக்கு முதல் பில் வந்தது.

டேல் ஒரு வார்த்தை பேசாமல் பணத்தைக் கட்டினார். அதுதான் கார்லீனுக்குப் பொறுக்கவில்லை.

"கத்தியிருந்தாகூட நான் சும்மா இருந்திருப்பேன்டி நோரீன்," என்றாள் என்னிடம். "நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன். மனுஷன் செக் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, நடந்து போய்ப் பெட்டில போட்டுட்டு வந்து உக்கார்றாரு. கேபிளை எடுத்துடலாம்னு சொன்னா, அது நான் இழுத்த வயர்ங்கிறாரு."

"அவர் இழுத்ததுதானே?"

"ஆமா, என் கல்யாண டிரெஸ்கூட நான் தைச்சதுதான். அதையே இன்னும் போட்டுக்கிட்டுத் திரியறேனா?"

மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவள் எனக்கு போன் செய்து, பழைய துணி போட்டுக்கொண்டு வா என்றாள். போனால் சமையலறை மேஜையில் ஒரு நீளப் பெட்டி. உள்ளே மீன் முள் மாதிரி குறுக்குக் கம்பிகள் வைத்த ஆன்டெனா. நூலகத்தில் விசாரித்து, கணினியில் படித்து, தானே வாங்கியிருந்தாள். கூரை மேலே ஏறுகிற வயது எங்களுக்கு இல்லை. கூரைக்கு அடியிலுள்ள பரணில் வைத்தாலும் படம் வருமாம்.

டேல் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அந்தக் கம்பிக் கூட்டை அவர் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினோம். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

பரணில் குனிந்துதான் நடக்க முடியும். ஒரு மணி நேரம் தூசியும் சிலந்திவலையும் தலையில் அப்ப, புகைபோக்கிச் செங்கலில் அந்த ஆன்டெனாவைச் சாய்த்து வைத்தோம். வயர் நீளம் பற்றவில்லை. கார்லீன் இரண்டு துண்டு வயரைச் சேர்த்து, அதன் மேல் கறுப்பு டேப்பை ஒரு சுருள் முழுக்கச் சுற்றினாள். கீழே படுக்கையறைக்கு இறங்கி வந்து, அங்கிருந்த சின்ன டிவியைச் சேனல் தேட விட்டுக் காத்திருந்தோம்.

நாலு சேனல் வந்தது. மூன்றில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. நாலாவது மட்டும் தெளிவாக இருந்தது. ஒரு பெண் வரைபடத்தின் முன் நின்று வானிலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குப் பத்தொம்பது டிகிரியாம்," என்றேன்.

"மே மாசத்துலயா? எல்லாம் உறைஞ்சு போயிடுமே! தக்காளிச் செடிய நேத்துதானே நட்டேன்!" கார்லீன் ஜன்னலுக்கு ஓடினாள். வெளியில் நல்ல வெயில். பக்கத்து வீட்டுக்காரர் அரைக்கால் சட்டையோடு புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது அறை வாசலில் டேலின் குரல். "அது ஏரிக்கு அக்கரைச் சேனல். கனடாக்காரங்க. அவங்க டிகிரி செல்சியஸ், நம்ம டிகிரி ஃபாரன்ஹீட்." காபிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். "ரெண்டு பேரும் பொம்பளைங்களா சேர்ந்து ஏரியைத் தாண்டிட்டீங்க. இந்தப் பக்கத்துல இருக்கிற கிளீவ்லாந்துதான் வரல."

"வழி சொல்றவன் சொல்லலாம். நையாண்டி பண்றவன் கீழ போகலாம்," என்றாள் கார்லீன்.

அவர் கீழே போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. கார்லீன் சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, டேலின் பழைய தோல் கருவிப் பை மாடிப்படியில் கிடந்ததாம். பரணில் விளக்கு எரிந்தது. மேலே போய்ப் பார்த்தால், மனுஷன் முட்டி போட்டு உட்கார்ந்து, அவள் சுற்றிய டேப்பைக் கத்தியால் உரித்துக்கொண்டிருந்தார்.

"நான் உனக்கு உதவி பண்ணல," என்றாராம் திரும்பிப் பார்க்காமலே. "கேபிளை எடுக்கவும் நான் சம்மதிக்கல. ஆனா என் வீட்டுக்குள்ள இப்படி ஒரு ஜாயின்ட்டு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு என்னால தூங்க முடியாது."

"நல்லா சுத்தித்தானே வச்சேன்?"

"கால் முறிஞ்சவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி சுத்தியிருக்க. உள்ள ரெண்டு வயரும் ஒண்ணையொண்ணு தொடவே இல்ல."

புது வயர் வெட்டி, இரண்டு முனையிலும் கனெக்டர் வைத்து இறுக்கினார். புகைபோக்கியிலிருந்து ஆன்டெனாவை எடுத்து, எதிர்ப்பக்கம் விட்டத்தில் கொக்கி அடித்து மாட்டினார். நாங்கள் அதைப் பின்பக்கம் முன்பக்கமாக வைத்திருந்தோம். அது கொஞ்சம் வெட்கம்தான், அம்பு போட்டு எழுதியே இருந்தது. வெளியே கண்ணுக்கு எட்டாத ஒளிபரப்புக் கோபுரம் அவருக்குத் தெரிகிற மாதிரி, கிழக்கே நாற்பத்தைந்து மைலில் இருக்கும் ஈரி நகரத்துக்கு நேராக அதைத் திருப்பினார். பதினாறு சேனல் வந்தது.

ஈரி கார்லீனின் சொந்த ஊர், பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவைச் சேர்ந்தது. அங்கே கார்லீனுக்குப் பிடித்த பிட்ஸ்பர்க் அணியின் ஃபுட்பால் ஆட்டங்களைக் காட்டுவார்கள். டேல் பிறந்ததிலிருந்து கிளீவ்லாந்து அணிக்காரர். அந்த ஆட்டங்கள் மேற்கே அறுபது மைலில் இருக்கும் கிளீவ்லாந்து சேனல்களில்தான் வரும். ஒரே ஆன்டெனா இரண்டு பக்கமும் பார்க்காது.

பத்து நாள் கழித்து டேல் பெயருக்கு இன்னொரு நீளப் பெட்டி வந்தது. நான்தான் வாசலில் இருந்து எடுத்து உள்ளே கொடுத்தேன்.

"கேபிளை எடுக்க சம்மதிக்காதவருக்கு ஆன்டெனா எதுக்காம்?" என்றாள் கார்லீன்.

"நீ பாட்டுக்கு பிட்ஸ்பர்க் பாத்துக்கிட்டிருப்ப. இந்த வீட்டுல நியாயம்னு ஒண்ணு வேணாமா?"

இரண்டாவது ஆன்டெனா மேற்கே பார்த்து ஏறியது. இரண்டு வயரும் முன்னறை டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்சில் வந்து சேர்ந்தன. ஒரு பக்கம் தட்டினால் ஈரி, மறு பக்கம் தட்டினால் கிளீவ்லாந்து.

கோடை முழுக்க அந்த வீட்டில் கேபிளும் இருந்தது, ஆன்டெனாவும் இருந்தது. பில்லும் மாதாமாதம் வந்தது. ஜூலையில் கார்லீன் இணையத்தில் படம் பார்க்கிற விரலளவு கருவி ஒன்றை வாங்கி டிவியில் சொருகினாள். ஸ்ட்ரீமிங் விஷயம் முழுக்க அவள் பொறுப்பு. கடவுச்சொல்லை ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி அடிக்கிற பொறுமை டேலுக்குக் கிடையாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சேவை, பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்ததும் அதை நிறுத்திவிட்டு அடுத்தது என்று அவள் சட்டம் போட்டுக்கொண்டாள்.

முதலில் எடுத்தது பின்லாந்துத் துப்பறியும் தொடர். டேலின் தாத்தா அந்த நாட்டிலிருந்து கப்பலில் வந்து எங்கள் துறைமுகத்தில் இரும்புத்தாது இறக்கினவர். அப்பா வீட்டில் அந்த மொழி பேசுவாராம். வெள்ளிக்கிழமைகளில் நானும் அவர்களோடு உட்கார்ந்து பார்ப்பேன். திரைக்கு அடியில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடும்போதே டேல் குறுக்கே பேசுவார்.

"தப்பு. அவன் அப்படிச் சொல்லல."

"பின்ன என்ன சொன்னான்?"

"கதவச் சாத்துன்னான்."

"டேல், அங்க பொணம் கெடக்கு. அந்தம்மா அழுவுது. கதவச் சாத்துன்னா சொல்லுவான்?"

"எங்கப்பா என்கிட்ட பேசினது முக்காவாசி கதவச் சாத்துதான். அது எனக்குத் தெரியாதா?"

அந்தத் தொடர் முடிவதற்குள் கேபிள் பெட்டியை யாரும் தொடுவதே நின்றுபோனது. அதன் மேல் தூசி படிந்திருந்ததைக் கார்லீன் துடைக்காமல் விட்டுவைத்தாள். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் டேல் அதைத் தானே பார்த்தார். விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார்.

"சரி," என்றார். "போன் பண்ணிச் சொல்லிடு."

"நான் பண்ண மாட்டேன். உன் கம்பெனி. நீயே பேசு."

அன்று நான் அவர்கள் சமையலறையில் கார்லீனோடு ஊறுகாய்க்கு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். டேல் போனை மேஜையில் வைத்து, எங்களுக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். இருபது நிமிடம் பாட்டு ஓடியது. அப்புறம் ஒரு பெண் வந்தாள். இனிமையான குரல்தான், அவளைக் குறை சொல்ல முடியாது. இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று டேல் சொன்னதும், ஆறு மாதம் பாதி விலை என்றாள். வேண்டாம் என்றார். கூடுதலாக முப்பது சேனல் என்றாள். வேண்டாம் என்றார்.

"இவ்ளோ நாள் வாடிக்கையாளரா இருந்துட்டு போறீங்களே சார்னு கஷ்டமா இருக்கு," என்றாள். "இருங்க, எவ்ளோ வருஷம்னு பாக்கறேன்... ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல இருந்து எங்களோட இருக்கீங்க."

டேல் போனைப் பார்த்தார். "இல்லம்மா. எண்பத்திரண்டு."

"அப்படியா சார்? எனக்கு இங்க பத்தொம்பதுன்னுதான் காட்டுது."

"நான் உங்க கம்பெனிலதான் வேலை பாத்தேன். முப்பத்தொரு வருஷம். என் பேரு இருக்கும் பாருங்க. எல்-ஏ-எம்-பி-இ-எல்-ஏ."

விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. உண்மையாகவே தேடினாள் என்றுதான் நினைக்கிறேன். "மன்னிச்சுக்குங்க சார். கம்பெனி மாறினதுக்கு முந்தினது எதுவும் எங்க கணினில இல்ல. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

"வேணாம்மா. நல்லா இரு."

போனை வைத்தார். பிறகு எழுந்து கொல்லைப்புறம் போய், வேலியோரம் கம்பத்தடியில் நின்றார். நான் கிளம்பட்டுமா என்று கண்ணால் கேட்டேன். கார்லீன் தலையாட்டி உட்காரச் சொன்னாள். அவள் உடனே அவர் பின்னால் போகவில்லை. காபி போட்டாள். இரண்டு கோப்பையில் ஊற்றிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றாள். ஜன்னல் திறந்திருந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் கேட்டது.

"வேணும்னா திரும்பக் கூப்பிட்டுத் துண்டிக்க வேணாம்னு சொல்லிடலாம் டேல். பில்லைக் கட்டிக்கிட்டுப் போவோம். எனக்கு ஒண்ணுமில்ல."

"அதுக்கில்ல." காபியைக் குடித்தார். "தொண்ணூத்தாறுல பனிப்புயல் வந்துச்சே, ஒன்பது நாள். ஊர்ல பாதி வயரு தரையில கெடந்துச்சு. கையி விறைச்சுப்போய்க் கனெக்டர பல்லால கடிச்சுக்கிட்டு ஏறினேன். அது எங்கயுமே இல்லையாம் கார்லீன். ஒரு இடத்துலகூட எழுதி வைக்கல."

"உன் முட்டியில எழுதியிருக்கே. ராத்திரி படுக்கும்போது நீ முனகறத நான்தானே கேக்கறேன்."

அவர் சிரித்தார். ரொம்பச் சின்னச் சிரிப்பு. ஆனால் சிரித்தார்.

அடுத்த வாரம் கம்பத்தில் இணைப்பைத் துண்டிக்க ஆள் வந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி, யோலாண்டா பிரூவிட் என்று சட்டையில் எழுதியிருந்தது. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவள், யங்ஸ்டவுன் பக்கம். டேல் உள்ளே இருந்து வெளியே வரவே இல்லை. கார்லீன்தான் கேபிள் பெட்டியைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண்மணி ஏணி சாய்த்து ஏறினாள், வேலையை முடித்தாள். இறங்கி வந்ததும் வண்டிக்குப் போகாமல் கதவைத் தட்டினாள்.

"அம்மா, இந்த வீட்டுக்காரர் பேரு டி. எல். ஆ?"

"டேல் லம்பேலா. ஏம்மா?"

"கம்பத்து மேல இணைப்புப் பெட்டித் தகட்டுல டி. எல்.னு கீறி தேதி போட்டிருக்கு. இந்த ஊர்ல நான் ஏறுற கம்பத்துல பாதிக்கு மேல அந்த டி. எல். இருக்கு. அவரு இருக்காரா? ஒரு நிமிஷம் பாக்கலாமா?"

டேல் வெளியே வந்தார். அந்தப் பெண்மணி கையுறையைக் கழற்றிவிட்டுக் கை நீட்டினாள்.

"சார், நாலு வருஷமா உங்க பின்னாடிதான் ஏறிக்கிட்டிருக்கேன். டி. எல். தகடு இருந்தா எங்க பசங்க சந்தோஷப்படுவாங்க. அந்தப் பெட்டிக்குள்ள தண்ணி எறங்கியிருக்காது. துருப்பிடிச்சிருக்காது. திறந்து பாக்கவே வேணாம், பழுது வேற எங்கயோன்னு அடுத்த கம்பத்துக்குப் போயிடுவோம்."

டேல் காதைச் சொறிந்துகொண்டார். "கிரீஸ் கொஞ்சம் நெறைய வைப்பேன்," என்றார். "மேற்பார்வையாளர் திட்டுவாரு, வீணாக்கறேன்னு."

"வீணாகலை சார்."

அப்புறம் இரண்டு பேரும் கம்பத்தடியில் ஒரு மணி நேரம் நின்று பேசினார்கள். எந்தத் தெருவில் அணில் வயரைக் கடிக்கும், எந்த வீட்டு நாய்க்கு யூனிஃபார்ம் ஆகாது, இதே பேச்சு. கார்லீன் திராட்சை வைத்துச் சுட்ட அப்பத்தை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வயரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம், கம்பெனி கேட்காது என்று யோலாண்டா சொன்னாள்.

"இல்லம்மா, எடுத்துடுவோம்," என்றார் டேல். "தொங்கற வயரு அசிங்கம்."

அவள் ஏணியில் ஏறி அவிழ்த்துவிட்டாள். அவர் கீழே நின்று கைமுட்டியில் வளையமாகச் சுற்றினார். முனையைக் கத்தியால் சீவி உள்ளே இருந்த செம்பை அவளுக்குக் காட்டினார். பச்சைக் களிம்பு பிடிக்கவே இல்லை. இரண்டு பேரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு அந்தச் சுருளை அவரே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டு மூடியை அழுத்தினார்.

அந்த வாரமே ஃபுட்பால் தொடங்கியது. முதல் ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு இரண்டு அணிக்கும் ஒரே நேரத்தில் ஆட்டம். விளம்பரம் வரும்போதெல்லாம் ஸ்விட்சைத் தட்டிக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தார்களாம். முதல் கால்பகுதி முடிவதற்குள் கார்லீன் ஸ்விட்சின் மேலேயே கையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். டேல் மேற்கு ஆன்டெனாவின் வயரைக் கழற்றி, படுக்கையறை டிவியோடு சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டார். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு பேரும் கத்துவது தெருவுக்கே கேட்டது. கிளீவ்லாந்து தோற்றது. கார்லீன் ஒன்றும் சொல்லாமல் அவர் முன்னால் இன்னொரு சாண்ட்விச் வைத்தாளாம். அதுதான் அவருக்கு ரொம்ப எரிச்சலாம்.

விஷயம் தெருவில் பரவியது. யோலாண்டா ஊர் முழுக்கச் சொன்னாளோ, கார்லீன் சர்ச்சில் சொன்னாளோ தெரியாது. அக்டோபரில் எங்கள் வீட்டுக்கும் ஆன்டெனா மாட்டித் தாருங்கள் என்று ஒவ்வொருவராக டேலைத் தேடி வந்தார்கள். கூரையில் ஏறுவதில்லை என்று கொலம்பஸில் இருக்கும் மகளுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பரண் மட்டும்தான். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று பார்த்துச் சொல்வார், கனெக்டரை மட்டும் வேறு யாரையும் போட விடமாட்டார். கார்லீன் கூடவே போய், அந்த வீட்டுக்காரர்களுக்குக் கடவுச்சொல் அடித்துக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் வாங்காதே என்று அறிவுரையும் சொல்லிவிட்டு வருவாள். நவம்பர் கடைசியில் நன்றி கூறும் நாள் பண்டிகை வருவதற்குள் ஒன்பது வீடு ஆகிவிட்டது.

பத்தாவது என் வீடு. என் பரணில் முட்டி போட்டபடி டேல் அங்கிருந்து கத்தினார். "வருதா?"

"இல்ல!"

"இப்ப?"

"குரல் வருது, ஆள் வரல!"

எதையோ அரை அங்குலம் நகர்த்தினார். கிளீவ்லாந்து செய்தி வாசிக்கிறவர் பளிச்சென்று வந்து நின்றார். டேல் படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்து, தலையில் தூசியோடு என் சோபாவில் உட்கார்ந்தார். நான் காசை எடுத்தேன். கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

"அப்ப கிளம்பறீங்களா? கார்லீன் சாப்பாட்டுக்குக் காத்துக்கிட்டிருப்பா."

"அரை மணி நேரம் பாக்கணும்," என்றார். "ஏரிப்பக்கம் காத்து எழும்பும். அப்பயும் படம் நிக்குதான்னு தெரியாம எப்படிப் போறது?"

எந்தச் சேனலிலோ பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் அதில் ஒரு ஆர்வமும் இல்லை. காற்று எழும்பி ஜன்னல் சட்டம் லேசாக ஆடியது. யாரோ பத்துக் கட்டையையும் ஒரே உருட்டில் சாய்த்தார்கள். படம் அசையவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் திறந்து கார்லீன் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். டேல் இன்னும் ஐந்து நிமிடம் என்று கையைக் காட்டினார், அங்கிருந்து அவளுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரிந்தும்.